தண்ணீர் தந்த மேயர் தீரர் சத்தியமூர்த்தி

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு (நல்லம்பள்ளி)

தேர்தல் வந்துவிட்டால் ஊர் திருவிழாக் கோலம் பூண்டுவிடுகிறது. சுவரெங்கும் சின்னங்கள், தெருவெங்கும் ஒலிபெருக்கிகள், வாசலெங்கும் கைகூப்பி நிற்கும் வேட்பாளர்கள். சாலை போடுவோம், விளக்கு எரியச் செய்வோம், சாக்கடை கட்டுவோம், குடிநீர் தருவோம் என்று அவர்கள் அடுக்கிக்கொண்டே போகிறார்கள். நாமும் கேட்டுக்கொண்டே நிற்கிறோம். அத்தனையும் ஐந்தாண்டுகளில் நடந்தேற வேண்டுமாயின் அவர்களுக்கு ஆயிரம் கைகள் வேண்டும்!

நான் பிறந்து வளர்ந்த நல்லம்பள்ளிக்கு மேயர் கிடையாது. அது ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் தருமபுரிக்குத் தெற்கே இருக்கிறது. சந்தை நாளில் ஆடு வாங்கவும் விற்கவும் சுற்று வட்டாரமே திரண்டுவரும். என் பாட்டியார் சோளம் விளைந்த நிலம் என்று சுட்டிக்காட்டிய இடத்தில் இன்று கடைகளும் வீடுகளும் எழுந்து நிற்கின்றன. ஊர் வளர்கிறது, கண்ணெதிரே வளர்கிறது. வளரும் ஊரை ஆள விரும்புவோரிடம் நாம் எதைக் கேட்க வேண்டும்? எத்தனை வாக்குறுதி என்று எண்ணிப் பார்ப்பதா? எது முதல் வாக்குறுதி என்று பார்ப்பதா?

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இல்லறமும் அரசியலும் பொருளும் அதற்குப் பின்னரே வருகின்றன. அந்த வரிசையை உணர்ந்து, கிடைத்த ஒரே ஓர் ஆண்டில் ஒரு மாநகரத்தின் தாகம் தீர வழி வகுத்துச் சென்ற மேயர் ஒருவர் நம் தமிழகத்தில் இருந்தார். விடுதலைப் போராட்ட வீரராகவே நாம் அவரைப் படித்திருக்கிறோம். அவர் மேயராக இருந்த கதையைப் பலரும் அறியார். அவர்தாம் தீரர் சத்தியமூர்த்தி.

பிறப்பும் கல்வியும்

அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், கோட்டையும் குடைவரைக் கோயிலும் கொண்ட திருமயம் என்னும் ஊரில், 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19-ஆம் நாள் சத்தியமூர்த்தி பிறந்தார். தந்தையார் சுந்தர சாஸ்திரி வழக்கறிஞர். தந்தை இளமையிலேயே மறைந்துவிட, தாயையும் உடன்பிறந்தாரையும் காக்கும் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. குடும்பச் சுமை தாங்கிக்கொண்டே படிப்பது எத்தகையது என்பதை நம் கல்லூரி மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, பேருந்தைப் பிடித்து முதல் வகுப்புக்கு ஓடி வருவோர் நம்மிடையே பலர் உளர்.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். வரலாறே அவருடைய பாடம். அதன்பின் சென்னைச் சட்டக் கல்லூரியில் சேர்ந்து வழக்கறிஞரானார். நீதிமன்றத்தில் பொருள் ஈட்டிச் செல்வராக வாழ்ந்திருக்கலாம். நாவன்மை அவரிடம் இருந்தது. சட்ட அறிவும் இருந்தது. ஆயினும் நாட்டின் அழைப்பு அவரை வேறு வழியில் இழுத்துச் சென்றது.

மேடையும் மன்றமும்

1919-ஆம் ஆண்டில் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தங்கள் குறித்து இங்கிலாந்தில் இந்தியாவின் கருத்தை எடுத்துரைக்கச் சென்ற காங்கிரஸ் தூதுக் குழுவில் சத்தியமூர்த்தியும் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. ஆங்கிலத்திலும் தமிழிலும் வடமொழியிலும் வல்லவராதலின், எந்த அவையிலும் அவர் சொல் எடுபட்டது.

ஒத்துழையாமை இயக்கத்தின்போது சட்டமன்றங்களைப் புறக்கணிப்பதா, உள்ளே நுழைந்து போராடுவதா என்னும் கேள்வி எழுந்தது. சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கி, உள்ளே நுழைந்து போராடும் வழியைக் காட்டினர். சத்தியமூர்த்தி அவ்வழியைப் பின்பற்றினார். 1923 முதல் 1930 வரை சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்து, அரசின் ஒவ்வொரு செலவுக் கணக்கையும் கேள்விக் கணைகளால் துளைத்தெடுத்தார். அமைச்சராகாமலே ஆட்சியின் நுணுக்கங்களை அறிந்துகொள்ள இந்த ஏழு ஆண்டுகள் அவருக்குப் பள்ளிக்கூடமாயின எனலாம்.

1930-ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலின் மீது தேசியக் கொடியேற்ற முயன்றதற்காகக் கைதானார். சிறையும் மேடையும் மாறி மாறி வந்தன. நாடகக் கலையிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. சுகுண விலாச சபாவின் மேடைகளில் தாமே வேடமேற்று நடித்தவர் அவர். நாடகக் கலைஞர்களைக் கூத்தாடிகள் என்று சமூகம் ஒதுக்கிவைத்த காலத்தில், அவர்களை அரசியல் மேடைக்கு அழைத்துவந்து மரியாதை செய்தார். கே. பி. சுந்தராம்பாள் தேசிய மேடைகளில் பாடியதற்கு அவருடைய தூண்டுதலும் ஒரு காரணம்.

பின்னர் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, புலாபாய் தேசாய் தலைமையிலான காங்கிரஸ் குழுவின் துணைத் தலைவராக விளங்கினார். 1936 முதல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராகவும் இருந்தார். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் பெருவெற்றி பெற்றது. அவ்வெற்றிக்காக மாகாணமெங்கும் சுற்றி உழைத்தவர்களுள் சத்தியமூர்த்தி முன்வரிசையில் நின்றவர். ஆனால் இராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவையில் அவர் இடம்பெறவில்லை. உழுதவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர் என்று ஊரார் பேசக்கூடிய நிலைதான். மனம் கசந்து ஒதுங்கிவிடுவதற்கு அதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? அவர் ஒதுங்கவில்லை, கட்சியை விட்டு விலகவுமில்லை. மாகாணத்தை ஆளும் வாய்ப்புக் கிட்டாத அவருக்கு, 1939-ஆம் ஆண்டில் ஒரு நகரத்தின் நாற்காலி கிட்டியது. சென்னை மாநகராட்சியின் மேயராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மேயர் பதவி எத்தகையது?

இங்குச் சற்றே நின்று, மேயர் என்னும் பதவியைப் பற்றித் தெரிந்துகொள்வோம். சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டில் தோன்றியது. நம் நாட்டு மாநகராட்சிகளுள் மிகப் பழமையானது. இடைக்காலத்தில் அதன் தலைவர் பிரசிடென்ட் எனப்பட்டார். 1933-இல் மேயர் என்னும் பெயர் மீண்டும் வழக்கிற்கு வந்தது. அவ்வாறு மேயரான முதல்வர் இராஜா சர் முத்தையா செட்டியார்.

அந்நாளில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநகராட்சி உறுப்பினர்களே தங்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. பணம் செலவிடும் அதிகாரமும் ஊழியர்களை நடத்தும் அதிகாரமும் அரசு நியமித்த கமிஷனரிடம் இருந்தன. மேயர் அவைக்குத் தலைமை வகிப்பார். வருகிற பிரமுகர்களை வரவேற்பார். அங்கியும் சங்கிலியும் அணிந்து விழாக்களில் வீற்றிருப்பார். இதைக் கண்டு அலங்காரப் பதவி என்று எண்ணியவர்கள் பலர். ரிப்பன் கட்டடத்தின் வெண்ணிற மாளிகையில் ஓராண்டு வீற்றிருந்து, சுவரில் ஒரு படத்தை மாட்டிவிட்டு இறங்கிவிடுவதும் எளிதே.

ஆனால் பதவி சிறிதா பெரிதா என்பதைப் பதவியில் அமர்பவரே முடிவு செய்கிறார். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துக்கு 1873 முதல் 1876 வரை மேயராயிருந்த ஜோசப் சேம்பர்லின், தனியார் நடத்திவந்த எரிவாயுக் கம்பெனிகளையும் தண்ணீர்க் கம்பெனியையும் நகரத்தின் உடைமையாக்கினார். தொழிற்சாலைப் புகையில் மூழ்கி, அழுக்குக் கிணற்று நீரைக் குடித்து நோயுற்ற நகரம் அதனால் தலைநிமிர்ந்தது. நம் பக்கத்தையே பாருங்கள். தருமபுரி வட்டாரம் அன்று சேர்ந்திருந்த சேலம் மாவட்டத்தின் தலைநகரில் 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர் இராஜாஜி. அவர் காலத்தில்தான் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாக அந்நகராட்சியின் உறுப்பினரானார். ஏறத்தாழ அதே காலத்தில் ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்து, குழாய்க் குடிநீருக்கு ஏற்பாடு செய்து நற்பெயர் பெற்றவர் பெரியார். பின்னாளில் எதிரெதிர் முகாம்களில் நின்ற இருவரும் நகராட்சி நாற்காலியிலிருந்தே பொதுவாழ்வில் முன்னேறினர் என்பது நினைக்கத்தக்கது.

வளர்ந்த நகரமும் வறண்ட குழாயும்

சத்தியமூர்த்தி மேயரானபோது சென்னையின் நிலை என்ன? நகரம் தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்துக்கொண்டிருந்தது. அதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், சென்னைக்குத் தண்ணீர் வந்த வழியை அறிய வேண்டும்.

சென்னைக்குக் காவிரி போன்ற ஆறு கிடையாது. கூவமும் அடையாறும் மழைக்காலத்தில் மட்டும் புரண்டோடி மற்ற நாட்களில் தேங்கி நிற்பவை. வடக்கே ஓடும் கொசஸ்தலையாறு என்னும் கொற்றலையாறே நகரின் நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஆற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டுக் கட்டி, நீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பினர். செங்குன்றத்திலிருந்து திறந்த வாய்க்கால் வழியாக நகருக்குத் தண்ணீர் வந்தது. 1914-ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளுடன் கூடிய நீரேற்று நிலையம் எழுந்தது. நகரம் முதன்முறையாகத் தூய நீரைக் குடித்தது.

அத்திட்டத்தை வகுத்த பொறியாளர்கள் தொலைநோக்கு இல்லாதவர்கள் அல்லர். 1961-ஆம் ஆண்டில் நகரத்தில் ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் மக்கள் இருப்பார்கள் என்று கணக்கிட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன் வீதம் அவர்கள் திட்டமிட்டனர். ஆனால் நடந்தது என்ன? 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலேயே சென்னையின் தொகை 6 இலட்சத்து 47 ஆயிரமாகிவிட்டது. 1941-இல் அது 7 இலட்சத்து 77 ஆயிரமாக உயர்ந்தது. 1961-இல் வருவார்கள் என்று எதிர்பார்த்த மக்கள் முப்பது ஆண்டுகள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டனர்! ஏரியோ வளரவில்லை, குழாயும் பெருக்கவில்லை. மழை பொய்த்த ஆண்டில் குழாய்கள் காற்றையே உமிழ்ந்தன.

வளரும் ஊர்கள் அனைத்திற்கும் இதுவே கதை. மனிதர் வரும் வேகத்தில் வீடு வந்துவிடுகிறது, கடை வந்துவிடுகிறது, தண்ணீர் மட்டும் வருவதில்லை. தண்ணீருக்கு மழையும் மலையும் ஆறும் வேண்டும். அவற்றோடு முன்யோசனையும் வேண்டும்.

எட்டு மாதங்கள்

பஞ்சத்தின் போது ஒரு மேயர் செய்யக்கூடியவை பல. தண்ணீர் வரும் நேரத்தைக் குறைக்கலாம். கிணறுகளைத் தூர்வாரலாம். வண்டிகளில் நீர் அனுப்பலாம். மழை வந்தவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். மறதிதான் எல்லாக் காலத்திலும் மலிவான திட்டம். ஓராண்டுப் பதவியில் இருப்பவருக்கு அதைவிட வசதியான வழி வேறில்லை.

சத்தியமூர்த்தி அந்த வழியை நாடவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொற்றலையாற்றில் வெள்ளம் பெருக்கெடுக்கிறது. தாமரைப்பாக்கத்து அணைக்கட்டும் சோழவரம், செங்குன்றம் ஏரிகளும் ஏற்க முடியாத நீர் எண்ணூர் அருகே கடலில் போய் விழுகிறது. மூன்று மாதம் வெள்ளம், ஒன்பது மாதம் தாகம். மேலே ஓரிடத்தில் அவ்வெள்ளத்தைத் தடுத்து நிறுத்திவிட்டால் கோடையில் சிறிது சிறிதாகத் திறந்துவிடலாம். திருவள்ளூரை அடுத்த பூண்டி அதற்கேற்ற இடமாக அமைந்தது. சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் அது இருக்கிறது.

திட்டம் எளிது, அதை நிறைவேற்றுவதோ அரிது. பணம் வேண்டும்; நிலம் வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக அரசின் ஒப்புதல் வேண்டும். அந்த அரசு எத்தகையது? 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. இந்தியரைக் கேளாமலே இந்தியாவைப் போரில் இறக்கினர் என்பதனால் காங்கிரஸ் அமைச்சரவைகள் அக்டோபர் இறுதியிலிருந்து பதவி விலகின. சென்னையில் ஆளுநரின் ஆட்சி நடந்தது. வெள்ளையர் ஆட்சிக்கு எதிராக இருபது ஆண்டுகள் முழங்கிய சத்தியமூர்த்தி, அந்த வெள்ளையர் ஆட்சியின் கதவைத் தட்டித்தான் நகரத்துக்குத் தண்ணீர் கேட்க வேண்டும். போர்ச் செலவையே பெரிதாக எண்ணும் அரசு, குடிநீருக்குப் பணம் ஒதுக்குமா? காங்கிரஸ்காரர் ஒருவர் கேட்டால் கொடுக்குமா? கேட்டு வாங்கினால் கட்சிக்காரர்கள்தாம் என்ன சொல்வார்கள்?

எந்த மனிதருக்கும் இது தர்மசங்கடமான நிலையே. மேடையில் வீரமாகப் பேசிவிட்டு, தராவிட்டால் அரசின் குற்றம் என்று ஒதுங்கிக்கொண்டால் கைதட்டல் கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது. சத்தியமூர்த்தி கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் தாகத்தைக் கொள்கைப் போரின் ஆயுதமாக்கவும் அவர் உடன்படவில்லை. சட்டமன்றங்களில் பெற்ற பயிற்சி இப்போது கைகொடுத்தது. தேவையை எடுத்துரைத்தார், வாதாடினார், வற்புறுத்தினார். ஆளுநரின் அரசு இணங்கியது. எட்டே மாதங்களில், 1940-ஆம் ஆண்டில், பூண்டியில் அடிக்கல் நாட்டப்பட்டது!

ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்கே எட்டு மாதம் ஆவதுண்டு என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த வேகத்தின் அருமை விளங்கும். ஓராண்டு முடிந்தது. மரபுப்படி சத்தியமூர்த்தி நாற்காலியை விட்டு இறங்கினார். அணை எழும்பத் தொடங்கியிருந்தது. ஒரு சொட்டு நீர்கூட இன்னும் தேங்கவில்லை.

காணாமல் சென்ற கண்கள்

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தது. சத்தியமூர்த்தியும் கைதானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. உடல் நலமும் குன்றியிருந்தது. தமிழகத்திலிருந்து வெகு தொலைவில், நாக்பூர் பக்கத்து அமராவதிச் சிறைக்கு அவரைக் கொண்டுசென்றனர். அந்தப் பயணத்தில் முதுகெலும்பில் பட்ட அடி அவரைப் படுக்கையில் தள்ளியது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1943-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28-ஆம் நாள் அவர் கண்மூடினார்.

எந்த அரசிடம் நகரத்துக்காகத் தண்ணீர் கேட்டு வாங்கினாரோ, அந்த அரசின் சிறையிலேயே அவர் உடல் நலிந்தது. கேட்டு வாங்கியதனால் அவர் அடங்கிப் போகவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அவர் மறைந்த மறு ஆண்டு, 1944-இல், பூண்டி நீர்த்தேக்கம் செயற்பாட்டுக்கு வந்தது. 65 இலட்சம் ரூபாய்ச் செலவில் கட்டப்பெற்ற அத்தேக்கம் ஏறத்தாழ 257 கோடி கன அடி நீரைத் தாங்கியது. கடலுக்கு ஓடிய வெள்ளம் தேங்கி நின்றது. அடிக்கல் நாட்டச் செய்தவர் அந்த நீர்ப்பரப்பைக் காணவில்லை; அதில் ஒரு குவளையும் பருகவில்லை. பின்னாளில் அது சத்தியமூர்த்தி சாகர் எனப் பெயர் பெற்றது. 1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோது, அவர்தம் அரசியல் மாணவரான காமராசர் அவருடைய இல்லத்துக்குச் சென்று தேசியக் கொடியை ஏற்றினார் என்பதும் நாம் அறிந்ததே. பின்னர் முதலமைச்சரான காமராசர் அணைகள் கட்டுவதில் பேரார்வம் காட்டினார். அந்த ஆர்வத்தில் குருவின் பூண்டியும் ஓரளவு கலந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

குறையும் நிறையும்

ஒருவர் வாழ்வை எழுதும்போது புகழ்மாலை மட்டும் தொடுப்பது வரலாறு பயிலும் மாணவருக்கு அழகன்று. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சட்டமன்றத்தில் போராடியபோது, சத்தியமூர்த்தி அம்முயற்சியை எதிர்த்தார். பழமையைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கு அவர் கண்ணை மறைத்தது. அந்தப் போராட்டத்தில் காலத்தின் தீர்ப்பு அம்மையார் பக்கமே அமைந்தது. 1947-இல் சட்டம் நிறைவேறியது. பெரியோரிடத்தும் நாம் கொள்ளத்தக்கன உண்டு, தள்ளத்தக்கன உண்டு. பூண்டி கொள்ளத்தக்கது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூண்டியோடு சென்னையின் தாகம் முடிந்துவிடவில்லை. நகரம் மேலும் வளர்ந்தது. தேக்கத்தின் கொள்ளளவைப் பின்னர் 323 கோடி கன அடியாக உயர்த்தினர். 1983-ஆம் ஆண்டில் ஆந்திரத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, கிருஷ்ணா நீர் 1996-இல் கால்வாய் வழியாகப் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. இத்தனை செய்தும் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. குடங்கள் தெருவில் வரிசை நின்றன. ஒரு தலைமுறை கட்டிய தேக்கம் அடுத்த தலைமுறைக்குப் போதாது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சத்தியமூர்த்தி வேண்டும் என்பதே இதன் பொருள்.

நம் ஊரும் நம் கேள்வியும்

இனி நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம். காவிரி ஒகேனக்கல்லில் ஆர்ப்பரித்து விழுகிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை அந்நீரைத் தேக்கி டெல்டாவுக்கு அனுப்புகிறது. ஆனால் அந்தக் காவிரிக்கு அருகில் இருந்தும், தருமபுரி வட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக நிலத்தடி நீரையே நம்பி வாழ்ந்தனர். அந்நீரில் புளூரைடு என்னும் உப்பு மிகுதி. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. அளவு மிஞ்சினால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பும் மூட்டும் இறுகி, நிமிர்ந்து நடக்கவும் இயலாமற் போகும்.

இதை நான் நூலகத்தில் படித்து அறியவில்லை. என் பாட்டியார் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வார். வெட்கம் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். பற்களின் கறையைத்தான் மறைத்தார் என்பது வளர்ந்த பிறகே விளங்கியது. எங்கள் தெருவில் அவர் வயதினர் பலர் அவ்வாறே சிரித்தனர். தண்ணீர் ஓர் ஊரின் சிரிப்பையே திருடிவிடும் என்பதை அவர்களிடம் கற்றேன்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பல ஆண்டுகள் பேச்சாகவே இருந்தது. 2008-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்றது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய் மதிப்பில் மேற்கொள்ளப்பட்ட அத்திட்டம் 2013-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் குழாய் வழியே வந்தது. கேட்டவர்கள், வாதாடியவர்கள், திட்டமிட்டவர்கள், குழாய் புதைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆட்சிகள் மாறியபோதும் வேலை நிற்கவில்லை. அடிக்கல் நாட்டிய கை வேறு, திறந்துவைத்த கை வேறு. பூண்டியிலும் அப்படித்தானே நடந்தது!

ஆகவே, நண்பர்களே, ஊராட்சித் தலைவராகட்டும், நகராட்சித் தலைவராகட்டும், மேயராகட்டும், வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. இன்னும் முப்பது ஆண்டில் இவ்வூரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? உங்கள் கட்சிக்கு ஆகாதவர் மேலே ஆட்சியில் இருந்தால், ஊருக்காக அவர் கதவைத் தட்டுவீர்களா? நீங்கள் தொடங்கியதை மற்றொருவர் திறந்துவைத்துப் பெயர் பெற்றால், உங்கள் மனம் பொறுக்குமா?

இந்த நான்கு கேள்விகளுக்கும் சத்தியமூர்த்தி தம் ஓராண்டில் விடை சொல்லிவிட்டுப் போனார். வாயால் சொன்னதை விடக் கல்லால் சொன்னதே மிகுதி.

மாமரம் நடுபவர் எல்லாரும் மாங்கனி உண்பதில்லை. எங்கள் தோட்டத்து மாமரம் என் பாட்டனார் நட்டது. பழம் பறித்துத் தின்றவன் நான். அவர் எனக்காக நட்டார் என்பதை அறியாமலே தின்றேன். சென்னையில் குழாயைத் திருகும் ஒவ்வொருவரும் அப்படித்தான். திருமயத்தில் பிறந்து, தந்தையை இழந்து, படித்து, பேசி, சிறைபுகுந்து, அமைச்சுப் பதவி கிட்டாமல், ஓராண்டு மேயராக இருந்து, ஐம்பத்தைந்து வயதில் மறைந்த ஒரு மனிதரை அவர்கள் நினைப்பதில்லை. நினைக்காவிட்டாலும் நீர் வருகிறது. நல்ல ஆட்சியாளரின் பெருமை அதுதான் போலும்!

நம்மில் சிலர் நாளை ஊராட்சி மன்றங்களில் அமரக்கூடும். ஒருவர் மேயராகவும் ஆகக்கூடும். அன்று நாற்காலியில் அமருமுன், ஒருமுறை பூண்டிக்குச் சென்று அந்த நீர்ப்பரப்பின் கரையில் நின்றுவிட்டு வாருங்கள். நம் ஊர்ப் பாட்டிமார்களின் முந்தானைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கையெழுத்திடும் முதற் கோப்பு எது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.